நாரிஸின் நான்கு லட்சம் பேர்

என் கணவர் நாரிஸ் டிரான்மர் இறந்த பிறகு அவருடைய கருத்து இரண்டு முறை மாறியது. உயிரோடு இருந்த காலத்தில் சட்டையை மாற்றச் சொன்னாலே யோசிக்கிற மனிதர் அவர்.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நாடு வெளியேறலாமா என்று எங்களைக் கேட்ட அந்த ஜூன் மாதம், கிழக்குக் கரையில் எங்கள் ஊரான ஸ்கெல்பியில், எங்கள் தெருவுக்கும் கடலுக்கும் நடுவில் இன்னொரு தெரு இருந்தது. இப்போது இல்லை. களிமண் மேடு குளிர்காலந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிகிறது. அடுத்த முறை எங்களுடையது. வாக்களிக்க நானும் நாரிஸும் மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்துக்குச் சேர்ந்துதான் நடந்துபோனோம். சாவடியில் நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்த பென்சிலை நம்பாமல் அவர் வீட்டிலிருந்து பேனா கொண்டுவந்திருந்தார். பென்சிலால் போட்டால் அரசாங்கம் அழித்துவிடும் என்று யாரோ சொல்லி, அந்த வாரம் ஊரில் பாதிப் பேர் சட்டைப் பையில் பேனாவோடு திரிந்தார்கள். அடுத்தடுத்த தடுப்புகளில் நின்று வாக்களித்தோம். திரும்பி வந்து தேநீர் குடித்தோம். எதற்குப் போட்டாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் அப்படித்தான். ஒருவருடைய மூலவியாதியைக் கடைவாசலில் வைத்து விசாரிக்கலாம். வாக்கைப் பற்றிக் கட்டிலில்கூடக் கேட்கக் கூடாது.

பிறகு மக்கள் மனநிலைக் கழகம் அவரைத் தன் நிரந்தரக் கருத்தாளராகச் சேர்த்துக்கொண்டது. மாதத்துக்கு ஒரு முறை போன் வரும். வெளியேறியது சரியா, தவறா என்று கேட்பார்கள். நாரிஸ் போனை எடுத்துக்கொண்டு வாசல் நடைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கதவின் சொரசொரப்பான கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய தொப்பியின் நிழல் மட்டும் அசையும். மரியாதைக்காக நான் இந்தப் பக்கம் ரேடியோவைச் சத்தமாக வைப்பேன். பேசி முடித்து வந்து, “தேத்தண்ணி இருக்கா, கிழவி?” என்பார். அவ்வளவுதான். அவர் என்ன நினைத்தார் என்று நாட்டுக்கே தெரியும், எனக்குத் தெரியாது.

நவம்பர் மாதம் ஒரு காலையில், ஐஸ் தொழிற்சாலையில் வாழ்நாளெல்லாம் குளிரைக் குடித்த அவருடைய நுரையீரல் போதும் என்று நிறுத்திவிட்டது. அடக்கம் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டதுபோக மிஞ்சிய ஹாம் ரொட்டியை நான் இன்னும் தின்று தீர்க்கவில்லை. போன் வந்தது.

“மிஸ்டர் டிரான்மர் இருக்காருங்களா?”

அழைத்தவள் ஜேனிஸ். பல வருடமாக அவள்தான் அழைக்கிறாள். சிகரெட்டில் கரகரத்த குரல். பின்னால் எப்போதும் ஒரு நாய் குரைக்கும்.

“இல்லம்மா. இறந்துட்டார்.”

“அய்யோ பாவமே! தங்கமான மனுஷன். எடுத்தவுடனே என் முதுகுவலியத்தான் விசாரிப்பார்.” விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. “சரிங்க, எப்ப திரும்பக் கூப்பிடட்டும்?”

“கூப்பிடவே வேணாம். செத்துட்டார்னு எழுதிக்கோ.”

“எழுத இடமில்லையேம்மா. ‘சரி’ இருக்கு, ‘தவறு’ இருக்கு, ‘தெரியாது’ இருக்கு, ‘சொல்ல மறுத்தார்’ இருக்கு. எதுல போட?”

“அவர் எதையும் மறுக்கலையே.”

“அப்ப ‘தெரியாது’ன்னு போட்டுடறேன். அதுதான் கொஞ்சம் கௌரவமா இருக்கும்.”

இது முதல் மாற்றம். அடுத்த மாதம் ஜேனிஸ் உற்சாகமாக இருந்தாள்.

“அவருக்கு இப்ப ஒரு கருத்து வந்துருச்சும்மா! தெரியாதுன்னு சொல்றவங்களுக்கு மெஷினே யோசிச்சு ஒரு பதில் போட்டுடும். அவரை மாதிரி இருக்கிற மத்தவங்க என்ன சொல்றாங்கன்னு பார்த்துப் போடுமாம். இப்ப அவர் ‘தவறு’.”

“அவரை மாதிரி வேற யாரும்மா இருக்கா?”

“எனக்குத் தெரியாது. மெஷினுக்குத் தெரியும்.”

அன்று மாலை நடைக்கதவின் கண்ணாடிக்குப் பின்னால் தொப்பி அசைந்தது. ஆணியில் மாட்டிய தொப்பிதான். வாசல் இடுக்கு வழியாக வந்த கடற்காற்றுதான். எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் எழுந்துபோய் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

பனி குறைந்ததும் பஸ் பிடித்து ஹல் நகரம் போய், அங்கிருந்து ரயிலில் லீட்ஸில் இருந்த கழக அலுவலகத்துக்குப் போனேன். நான் கேட்கப்போனது ஒன்றே ஒன்றுதான்: நாரிஸ் இறந்துவிட்டார் என்று அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். பதிவாளர் ஒப்புக்கொண்டிருந்தார், ஓய்வூதிய அலுவலகம் மிகச் சுறுசுறுப்பாக ஒப்புக்கொண்டிருந்தது. கழகம் மட்டும்தான் பாக்கி.

அங்கே என்னைச் சந்தித்தவர் குவென்டின் லேத்தம் என்ற டாக்டர். நோயாளியைத் தொடாத வகை டாக்டர்; கருத்துகளுக்கு எடை போடும் பிரிவின் தலைவர். மஞ்சள் காலுறை அணிந்திருந்தார். எனக்கு ஒரு நாற்காலியும் இஞ்சி பிஸ்கட்டும் கொடுத்தார்.

“முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும் மேடம். உங்க கணவர் ஒரு ஆள் இல்ல. நாலு லட்சம் பேர்.”

“கட்டில்ல ஒரு ஓரமா ஒதுங்கித்தான் படுத்துக்குவார்.”

லேத்தம் சிரிக்கவில்லை. கரையோர ஊர், எழுபதுக்கு மேல் வயது, பதினைந்து வயதில் பள்ளியை விட்டவர், ஆண், போன் அடித்தால் எடுக்கிறவர். இத்தனையும் சேர்ந்த பிறவி நாட்டில் அபூர்வமாம். அதனால் அகப்படுகிற ஒருவரை, அகப்படாத எல்லோருக்காகவும் பெருக்கிக்கொள்கிறார்களாம்.

“போன் எடுக்காதவங்க எல்லாருக்கும் சேர்த்து அவர் பேசறார்.”

“அவர் இப்ப பேசறதில்லையே.”

“அதனாலதான் பதில்ல தடுமாற்றமே இல்ல. உயிரோட இருக்கறவங்க கிட்ட இந்த நிலைத்தன்மை வராது மேடம். வீடு மாறுவாங்க, கோவிச்சுக்குவாங்க, கேள்வியே தப்புன்னு சண்டைக்கு வருவாங்க. உங்க கணவர் அப்படியெல்லாம் இல்ல.” அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். “நாலு லட்சம் பேரை ஒரே நாள்ல சாகவிட முடியாது. மந்திரி ஆபீஸ்ல இருந்து கேப்பாங்க, என்ன நோய்னு.”

சுவரில் ஒரு பெரிய திரை இருந்தது. நாட்டின் மனம் அதில் ஓடியது. தவறு ஐம்பத்திரண்டு, சரி நாற்பத்தெட்டு. அதற்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை. கதவில் ‘இயற்கைப் பதிலீடு’ என்று எழுதியிருந்தது. உள்ளே இருவர் ரொட்டியைக் கடித்துக்கொண்டே எதையோ கூட்டிக் கழித்துக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஜனங்க மனசு மாறிடுச்சுன்னு பேப்பர்ல எழுதறாங்க,” என்றார் லேத்தம். “மனசு யாருக்கும் மாறறதில்ல மேடம். வயசானவங்க சாகறாங்க, சின்னவங்களுக்குப் பதினெட்டு ஆகுது. அதுக்கு நாங்க வெச்ச பேர்தான் மனமாற்றம். சாகறதுல எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் கிடையாது. சாவு இல்லன்னா இந்தக் கழகமே இல்ல. ஆனா வரிசையா, ஒழுங்கா சாகணும். அவங்கவங்க இஷ்டத்துக்குப் போனா ஜனநாயகம் என்ன ஆகறது?”

“அவர் போயிட்டாருங்க.”

“போகட்டுமே! எந்த நிபந்தனையில போறார்ங்கறதுதான் கேள்வி. நாடு ஒன்றியத்தை விட்டுப் போன மாதிரியே, முன்கூட்டி எழுத்துல தெரிவிக்கணும். ரெண்டு வருஷம் பேச்சுவார்த்தை. அப்புறம் இடைக்காலம்னு ஒண்ணு உண்டு. அந்தக் காலத்துல எல்லா விதிக்கும் அவர் கட்டுப்படணும், ஆனா எதுலயும் குரல் கிடையாது.”

“அவர் எந்த உடன்பாடும் இல்லாம போயிட்டார்.”

முதன்முறையாக அவர் முகத்தில் உண்மையான துக்கம் தெரிந்தது. “உடன்பாடே இல்லாமலா? இருக்கறதுலயே மோசமான வகை மேடம் அது.”

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அப்போதுதான் அவர் மேசைமேல் இருந்த எதையோ அழுத்தினார்.

இருமல். காலையில் முதல் தேநீருக்கு முன்னால் வருகிற இருமல். பிறகு குரல்.

“இரு ஜேனிஸ், கதவச் சாத்திக்கறேன். இங்க ஒரு கிழவி காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கா.”

கதவு சாத்தும் ஓசை. சிரிப்பு. அதற்குப் பின்னால், சுவருக்கு அப்பால், ஒரு ரேடியோவின் சத்தம் மெல்லக் கூடியது. அது நான்.

“சொல்லுங்க நாரிஸ்,” என்றது ஜேனிஸின் குரல். “நாம வெளியேறினது சரியா, தவறா?”

நாரிஸ் மூச்சை இழுத்தார். லேத்தம் நிறுத்திவிட்டார்.

“பதில் ரகசியம் மேடம். கருத்தாளரோட அந்தரங்கம்.”

“செத்துப்போனவருக்கு என்னங்க அந்தரங்கம்?”

“அவர்தான் சாகலையே.” மிகவும் பரிவாகச் சொன்னார். “ஜூன் மாசம் சம்மத நாள் வருது. ஒவ்வொரு கருத்தாளரும் ‘இருக்கேன்’னு வாயால சொல்லணும், சட்டம். நாங்களே உங்க ஊருக்கு வரோம், வாக்கெடுப்போட பத்தாம் ஆண்டு விழாவும் சேர்த்து. அவர் சார்பா நீங்க அந்த ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அவரோட பிரதிநிதி ஆயிடுவீங்க. இத்தனை வருஷக் குரலும் உங்களுக்கு. வீட்ல உக்காந்து கேக்கலாம். எத்தனை தடவை வேணும்னாலும்.”

“செத்துட்டார்னு சொன்னா?”

“அன்னிக்கே அழிச்சிடணும். அழிக்கறதுல நாங்க ரொம்பக் கண்டிப்பு.”

ரயிலில் திரும்பும்போது ஜன்னலில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த மூச்சு என் காதிலேயே நின்றிருந்தது. உள்ளே இழுத்த மூச்சு, வெளியே வரவில்லை.

பக்கத்து வீட்டு மாவிஸ் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது வேலியோரமாக நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வாயில் கவ்வியிருந்த துணிக்கவ்விகளை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

“இதுக்கா லீட்ஸ் வரைக்கும் போன? போடி பைத்தியம். எங்க ரெஜ் மூணு வருஷமா பேசிக்கிட்டுத்தான் இருக்கார்.”

ரெஜ், மாவிஸின் கணவர். வெளியேற வேண்டும் என்று தோட்டத்தில் கொடிக்கம்பம் நட்டவர். கடற்காகங்களைக்கூட வெளிநாட்டுப் பறவைகள் என்று திட்டுவார். அவரை அடக்கம் செய்த அன்று நானும் மண் போட்டேன்.

“ரெஜ் என்ன சொல்றார்?”

“தப்புன்னுதான். உயிரோட இருந்தவரைக்கும் ஒரு தடவையாச்சும் தப்புன்னு ஒத்துக்கிட்டிருப்பாரா அந்த மனுஷன்? கூரை ஒழுகுனப்போ ஒத்துக்கிட்டாரா? என் அக்காவ மழையில நிக்க வெச்சப்போ ஒத்துக்கிட்டாரா? இப்ப மாசாமாசம் ஒத்துக்கறார். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா!”

“ஜேனிஸுக்குக் குரல் தெரியாதா?”

“தொண்டைய ஒரு படி இறக்கணும், அவ்வளவுதான்.” மாவிஸ் இறக்கினாள். “என்னா கண்ணு ஜேனிஸ், சௌக்கியமா?”

பெஞ்சுக்கு அடியில் தூங்கிய அவளுடைய கிழட்டு நாய் தலையைத் தூக்கியது. வாலை ஆட்டிக்கொண்டே எழுந்து வாசல் கேட்டுக்குப் போய், தெருவைப் பார்த்து நின்றது.

“எட்னா வீட்டுக்காரர், பாலின் வீட்டுக்காரர், எல்லாரும் பேசறாங்க,” என்றாள் மாவிஸ், சொந்தக் குரலில். “நம்ம தெரு ஆம்பளைங்க மொத்தப் பேரும் இப்ப தப்புன்னுதான் சொல்றாங்க. கிழக்குக் கரை திருந்திடுச்சுன்னு பேப்பர்ல போட்டானே, பார்க்கல? அது நம்மதான். நாரிஸையும் கூட்டிக்கிட்டு வா. ஒரே ஒரு வார்த்தைடி.”

அன்று நடைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தொண்டையை இறக்கி, “இருக்கேன்” என்றேன். நன்றாக வரவில்லை. மறுபடி சொன்னேன். அதற்கடுத்த முறை வந்தது அவருடைய குரல். ஐஸ் தூள் அப்பிய அதே குரல், என் வாயிலிருந்து. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, விளக்கை எல்லாம் போட்டுவிட்டு, வெகுநேரம் அடுப்படியில் நின்றேன். பயம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் மறுபடி கேட்க வேண்டும் என்றும் இருந்தது.

சம்மத நாளைக் கழகம் மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தில் வைத்தது. வாசலில் பலூன்கள். மேடையில் ஒரு திரை. நாட்டின் மனம் நேரடியாக ஓடியது. ‘தவறு’ இப்போது ஐம்பதுக்கு ஒரு மயிரிழைதான் மேலே, ‘சரி’ ஒரு மயிரிழை கீழே. வந்தவர்களுக்கு ஒரு சின்ன வில்லையைக் கோட்டில் குத்திவிட்டார்கள்: ‘நிலைத்த கருத்தாளர்’. எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் அடக்கத்துக்கு அணிகிற நல்ல கோட்டோடு வந்திருந்தார்கள்.

லேத்தம் மேடையேறினார். காலுறை சிவப்பு.

“இந்தப் பத்து வருஷத்துல வந்த மந்திரிசபை எல்லாம் இந்தத் திரையைப் பார்த்துத்தான் முடிவெடுத்துச்சு,” என்றார். “மக்கள் என்ன நினைக்கறாங்கன்னு அரசாங்கத்துக்குத் தெரியணும். அரசாங்கம் என்ன கேக்க ஆசைப்படுதுன்னு எங்களுக்குத் தெரியணும். நடுவுல உங்க தியாகம். சில பேர் உடம்பு முடியாத நிலைமையிலும் பதில் சொல்றீங்க. சில பேர் அதையும் தாண்டின நிலைமையில.” அவர் கூரையைப் பார்த்தார். “விவரத்துக்குள்ள நான் போக விரும்பல. போகாம இருக்கறதுதான் எங்க துறையோட ஒழுக்கம்.”

கைதட்டினார்கள். பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார்.

“ரெஜினால்ட் ஹோம்வுட்.”

“இருக்கேன்,” என்றார் ரெஜ்.

“ஆர்தர் பிளென்கின்.”

“இருக்கேன்.” எட்னா எழுந்து நின்றிருந்தாள். ஆர்தருக்கு லேசாகத் திக்கும். திக்கியது.

பெயர் பெயராகப் போனது. தடித்த குரல்கள், கரகரத்த குரல்கள், படகுத்துறையில் ஒருவரையொருவர் கூவி அழைத்துப் பழகிய குரல்கள். கண்ணைத் திறந்தால் கூடம் முழுக்கப் பெண்கள். மூடினால் முழுக்க ஆண்கள். ஞாயிற்றுக்கிழமை மதுக்கடையில் கேட்ட அதே கூட்டம், ஒருவர் குறையாமல். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு ‘இருக்கேன்’ வந்ததும் திரையில் ஒரு சிறிய பச்சை விளக்கு எரிந்தது.

“நாரிஸ் டிரான்மர்.”

ஒரு இருமல் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இருமியது நான். மாவிஸ் மெச்சிக்கொள்கிற மாதிரித் தலையாட்டினாள். வார்த்தை தொண்டையில் தயாராக நின்றது. அதைச் சொன்னால் இன்று மாலையே அந்த மூச்சு வெளியே வந்துவிடும். அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும். ஜேனிஸிடம் அவர் சொன்ன நகைச்சுவையெல்லாம், அவருடைய சிரிப்பெல்லாம், குளிர்காலம் முழுவதற்கும் எனக்குப் போதும்.

ஆனால் அதற்குப் பிறகும் மாதாமாதம் போன் வரும். நான் நடைக்குப் போவேன். கதவைச் சாத்திக்கொண்டு, அவருடைய தொண்டையால், நாட்டுக்குப் பதில் சொல்வேன். கொஞ்ச நாளில் அவர் ரெஜ்ஜைப்போல எனக்கு வசதியான மனிதராகிவிடுவார். நான் சொல்ல நினைத்ததையெல்லாம் சொல்வார். என்னிடமிருந்து அவர் சாத்திவைத்திருந்தது அந்த ஒரு கதவைத்தான்.

“அவர் செத்துட்டார்,” என்றேன். என் குரல், எலிக்குரல்போல மெலிதாக இருந்தது.

லேத்தம் புன்னகையை விடவில்லை. “மேடம், கேள்வி அது இல்ல. இருக்காரா, சம்மதம் இல்லையா?”

“செத்துட்டார். நவம்பர்ல. கண்ண மூடிவிட்டது நான்தான்.”

திரையில் ஏதோ துடித்தது. ‘தவறு’ குறைந்தது, ‘சரி’ ஏறியது. கொஞ்ச நேரம் இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. பிறகு ‘சரி’ ஒரு மயிரிழை முன்னால் போனது. பின்வரிசையில் யாரோ விம்மினார்கள். எட்னா. தன் குரலிலா ஆர்தர் குரலிலா என்று சொல்ல முடியவில்லை.

“நாலு லட்சம்,” என்றார் லேத்தம், மெதுவாக.

வெளியே வரும்போது மாவிஸ் என் கையைப் பிடித்து இழுத்தாள். “உனக்கு என்னடி கேடு வந்துச்சு? எல்லாரும் நல்லாத்தான இருந்தாங்க!”

மறுநாள் பத்திரிகைகள் நாட்டின் மனம் மீண்டும் திரும்பிவிட்டது என்று எழுதின. மந்திரி ஒருவர் தொலைக்காட்சியில் மக்கள் தெளிவாகப் பேசிவிட்டார்கள் என்றார். எதிரில் இருந்தவர், இல்லை, மக்கள் குழப்பத்தில் இருக்கிறார்கள் என்றார். நிபுணர் ஒருவர் நல்ல வெயில்தான் காரணம் என்றார். லேத்தம் போன் செய்து, அழித்துவிட்டோம், மிகவும் சுத்தமாக, என்றார். நாரிஸ் என்ன சொல்லியிருந்தார் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

அடுத்த மாதம் போன் அடித்தது. அது யாருக்கு என்று யோசித்துக்கொண்டே எடுத்தேன்.

“மிஸஸ் டிரான்மர் இருக்காங்களா?” ஜேனிஸ்.

“நான்தான்மா.”

“உங்களை இப்ப சேர்த்திருக்காங்கம்மா. செத்தவரச் செத்துட்டார்னு சொன்ன ஆள் இந்தக் கரையில நீங்க ஒருத்தர்தானாம். ரொம்ப அபூர்வமாம். நீங்க பதினஞ்சு லட்சம் பேர்.”

“கடவுளே.”

“கஷ்டம் ஒண்ணும் இல்ல. முதல்ல பொதுவான விவரம், அப்புறம்தான் ஐரோப்பா. வீட்ல மொத்தம் எத்தனை பேர்?”

நான் நடையில் நின்றிருந்தேன். வெளியே மேட்டிலிருந்து ஒரு துண்டு மண் பெயர்ந்து கடலில் விழும் சத்தம் கேட்டது. அதன் பிறகு வீடு முழுக்க ஓர் அமைதி. யாரோ மரியாதைக்காகச் சத்தம் போடாமல் இருப்பது போன்ற அமைதி.

“ஒருத்தர்,” என்றேன்.

“மிக உறுதியாவா, ஓரளவு உறுதியாவா, உறுதி இல்லையா?”

“இதுக்குமா?”

“எல்லாத்துக்கும் கேக்கணும்மா. விதி.”

“ஓரளவு,” என்றேன்.